கேட்டுக் கண்ட உலகம்



கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், கல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, அதன்பின் கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். ஏட்டைக் கையிலெடுத்துக் கற்க இயலாதவர்க்கும் செவியின் வழியே அறிவு வந்து சேரும் என்பது அப்பெருமானின் கருத்து. செவிச்செல்வம் என்றதும் கேட்பவரின் பெருமையையே நாம் எண்ணுகிறோம். கேட்பவர் ஒருவர் உண்டென்றால் சொல்பவர் ஒருவரும் உண்டு. அவர் எப்படிச் சொல்லவேண்டும், எதைச் சொல்லவேண்டும், சொல்லியதனால் அவர் என்ன ஆனார் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் கேள்வியின் இலக்கணம் நிறைவுபெறும். அதற்கு எடுத்துக்காட்டாக விளங்கும் அக்காள் தங்கை இருவரின் வரலாறே இன்றைய உரையின் பொருள்.

அக்காளின் பெயர் மேரி அமீலியா இங்கால்ஸ். 1865ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள், அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெப்பின் என்னும் சிற்றூரை அடுத்த காட்டுப்பகுதியில் பிறந்தவர். தங்கையின் பெயர் லாரா. அக்காளுக்கு ஈராண்டு இளையவர். 1867 பிப்ரவரி 7ஆம் நாள் பிறந்தவர். மேரி இவ்வுலகில் வாழ்ந்தது 63 ஆண்டுகள். அவருடைய விழிகள் வாழ்ந்ததோ 14 ஆண்டுகளே. அந்தக் குறுகிய வாழ்வில் அவ்விழிகள் கண்டவை யாவை என்பதை முதலில் அறிதல் வேண்டும். பிற்காலத்தில் அவர் மனத்துள் கட்டிய உலகத்துக்கு அவையே செங்கல்லும் சுண்ணாம்பும் ஆயின.

அக்காலத்து அமெரிக்காவில் மேற்குத் திசை நோக்கி மக்கள் பெயர்ந்துகொண்டிருந்தனர். 1862ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஒரு குடும்பத்தலைவன் 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணம் செலுத்திப் பெறலாம் என்றது. அந்நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து, உழுது பயிரிட்டால் அது அவனுக்கே உரிமையாகும். நிலமில்லாதவனுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன! மேரியின் தந்தை சார்லஸ் இங்கால்ஸ் இச்செய்தியால் ஈர்க்கப்பட்டவருள் ஒருவர். உழைப்பாளி, வேட்டையும் தச்சும் அறிந்தவர், மாலை வேளைகளில் பிடில் வாசிப்பவர், ஓரிடத்தில் வேரூன்றி இருக்க இயலாத மனத்தினர். தாயார் கரோலின் அம்மையார், மணம்புரிவதற்கு முன் ஆசிரியையாக இருந்தவர். எங்கே போனாலும் பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பு வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர்.

1869இல், மேரிக்கு நான்கு வயதானபோது, குடும்பம் கூண்டு வண்டியில் ஏறிக் கன்சாஸ் நிலத்துக்குச் சென்றது. அங்கே மரத்தால் வீடு கட்டினர், கிணறு தோண்டினர், நிலம் உழுதனர். ஆயினும் அந்நிலம் ஓசேஜ் என்னும் பழங்குடியினர்க்கு உரியது. ஆளில்லாத வெறுநிலம் என்று குடியேறியவர்கள் பேசிக்கொண்ட இடங்களிலெல்லாம் முன்பே மாந்தர் வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பதை மறைத்துவிட்டு இக்கதையைக் கூறுதல் முறையன்று. 1871இல் குடும்பம் அங்கிருந்து கிளம்பி விஸ்கான்சினுக்கே மீண்டது. 1874இல் மீண்டும் வண்டி பூட்டி, மினசோட்டா மாநிலத்து வால்நட் குரோவ் என்னும் ஊரருகே, பிளம் ஓடையின் கரையில் குடியேறியது. ஓடைக்கரை மேட்டைக் குடைந்து அமைத்த மண்வீட்டில் முதலில் வாழ்ந்தனர். கூரைமேல் புல் வளர்ந்திருக்குமாம். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அங்கே ஒரு வீடு இருப்பதே தெரியாது.

கோதுமை நன்றாக விளைந்தது. அறுவடை நெருங்குகையில் வானத்தை மறைத்து ஒரு மேகம் வந்தது. மழைமேகம் அன்று, வெட்டுக்கிளிக் கூட்டம். 1870களின் இடைப்பகுதியில் மினசோட்டா முதலிய மாநிலங்களை ஆண்டுக்கணக்கில் அழித்த பாறைமலை வெட்டுக்கிளிகள் அவை. பயிரை மட்டுமின்றிப் பசுமையென்று பேர்பெற்ற யாவற்றையும் தின்றன. மண்ணில் முட்டையிட்டு அடுத்த ஆண்டையும் விழுங்கின. அத்துணைப் பெருங்கூட்டமாக இருந்த அந்த இனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடியோடு அழிந்துபோயிற்று என்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

கடன் சுமந்த குடும்பத்தில் 1875 நவம்பர்த் திங்கள் 1ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. சார்லஸ் ஃபிரெடரிக் என்று பெயரிட்டு, ஃபிரெடி என்று அழைத்தனர். அயோவா மாநிலத்துப் பர் ஓக் என்னும் ஊரில் பிழைப்புத் தேடிக் குடும்பம் புறப்பட்ட காலத்தில், இடைவழியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, 1876 ஆகஸ்டு 27ஆம் நாள் அக்குழந்தை நோயுற்று இறந்தது. பத்துத் திங்களும் நிறையவில்லை. பிற்காலத்தில் இக்குடும்பத்தின் கதையைத் தங்கை லாரா பல நூல்களாக எழுதியபோது, பர் ஓக்கில் வாழ்ந்த காலத்தையும் அக்குழந்தையையும் எழுதாமல் விட்டுவிட்டார். சில துயரங்கள் சொல்லுக்குள் வர மறுக்கும். மேரியின் விழிகள் கண்ட மரணம் அது. அவருக்கு அப்போது பதினோரு வயது. மறு ஆண்டு மே மாதம் பர் ஓக்கில் கடைக்குட்டியாகக் கிரேஸ் என்னும் பெண்மகவு பிறந்தது. கேரி என்னும் மூன்றாம் மகள் முன்பே உண்டு. நான்கு பெண்களோடு குடும்பம் வால்நட் குரோவுக்குத் திரும்பியது.

மேரி படிப்பில் முதல்வர்; பொறுமையுடையவர்; பொன்னிறக் கூந்தலினர். லாரா துடுக்கானவர், பழுப்புநிறக் கூந்தலினர். பொன்னிறக் கூந்தலே அழகு என்று மேரி சொல்லிக்காட்ட, பொறுக்கமாட்டாமல் அக்காளைக் கன்னத்தில் அறைந்துவிட்டுத் தந்தையிடம் தண்டனை பெற்றதாகத் தம் முதல் நூலிலேயே லாரா எழுதுகிறார். உடன்பிறந்தார் இடையே இத்தகைய பூசல் இல்லாத வீடு எந்த நாட்டில் உண்டு? இதனை ஈண்டுக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னர் நிகழ்ந்தது, தொடக்கம் முதலே ஒருவரையொருவர் போற்றிவந்த இரு சகோதரியரின் கதையாக நிகழவில்லை. ஒருத்தி மற்றவளை மனத்துள் பொறாமையோடு நோக்கிய வீட்டில் நிகழ்ந்தது.

1879ஆம் ஆண்டின் முற்பகுதி. மேரிக்கு வயது பதினான்கு. கடுந்தலைவலி வந்தது, காய்ச்சல் ஏறியது. தலையின் வெப்பம் தணியட்டும் என்று நீண்ட கூந்தலைக் கத்தரித்தனர். தங்கை பொறாமைப்பட்ட அதே பொன்னிறக் கூந்தல். முகத்தின் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. பிழைப்பது அரிது என்றே அஞ்சினர். பிழைத்தார். ஆனால் உடல் தேறத் தேற விழி தளர்ந்தது. எழுந்து நாற்காலியில் அமரும் அளவுக்கு வலிமை வந்தபோது பார்வை ஏறத்தாழப் போய்விட்டிருந்தது.

லாராவின் புதினங்களில் இந்நோய் ஸ்கார்லெட் காய்ச்சல் என்று எழுதப்பட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் படித்தோர் அவ்வாறே நம்பினர். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவ ஆய்வாளர்கள், லாராவின் கையெழுத்துப்படியையும் கடிதங்களையும் அக்காலச் செய்தித்தாள் குறிப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வைரஸ் தொற்றால் மூளையிலும் மூளையுறையிலும் ஏற்பட்ட அழற்சியாக இருத்தல் கூடும் என்று முடிவு கூறினர். எந்த நோயாயினும், அன்று அந்தச் சிற்றூரில் அதற்கு மருந்தில்லை.

விழிகளின் வாழ்வு எக்காட்சியோடு முடிந்தது என்பதை லாரா பதிவு செய்திருக்கிறார். 1930ஆம் ஆண்டளவில் அவர் எழுதிவைத்து, அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து 2014இல்தான் அச்சேறிய தன்வரலாற்றில் அது காணப்படுகிறது. இரண்டு வயது நிரம்பாத கிரேஸ் அக்காளின் நாற்காலியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நோக்கினாளாம். அக்குழந்தையின் கண்களின் நீலநிறமே மேரி இவ்வுலகில் கடைசியாகக் கண்டது. வெட்டுக்கிளி மேகத்தையும், தம்பியின் சாவையும், மண்வீட்டையும் கண்ட விழிகளுக்கு இறுதியில் ஒரு குழந்தையின் கண் கிட்டியது.

இனி வருவது கேள்வியின் பகுதி. அவ்வாண்டிலேயே தந்தைக்கு டகோட்டாப் பகுதியில் இருப்புப்பாதை அமைக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முன்னே அவர் சென்றார். பின்னே தாயும் நான்கு பெண்களும் சென்றனர். இனி நீதான் அக்காளுக்குக் கண்ணாக இருக்கவேண்டும் என்று பன்னிரண்டு வயதுச் சிறுமியாகிய லாராவிடம் தந்தை பொறுப்பை ஒப்படைத்ததாக, 1939இல் வெளிவந்த ‘வெள்ளி ஏரிக்கரையில்’ என்று தமிழில் பெயர்சொல்லத்தக்க நூல் கூறுகிறது. பெரியவர்கள் இத்தகைய சொற்களை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சுமப்பவர்க்குத்தான் அதன் எடை தெரியும். கண்ணாக இருத்தல் என்றால் என்ன? கையைப் பிடித்து நடத்துதல் ஒன்று. அது எளிது. காண்பவற்றையெல்லாம் ஓயாது சொல்லிக்கொண்டிருத்தல் மற்றொன்று.

அவர்கள் வாழ்வில் முதன்முறையாக ரயிலேறிய நாளில் லாரா சொல்லத் தொடங்கினார். பெட்டியின் உள்ளமைப்பு, உடன் பயணம் செய்வோரின் தோற்றம், சன்னலுக்கு வெளியே பின்னோக்கி ஓடும் நிலம் ஆகிய ஒவ்வொன்றையும் அக்காளின் செவியில் ஓதினார். ரயில் நின்ற இடத்திலிருந்து மீண்டும் வண்டிப் பயணம். எங்கு நோக்கினும் புல்வெளி, மரமில்லை, மேடில்லை. அத்தகைய நிலத்தைச் சொல்வது கடினம். வேறுபாடுள்ள பொருள்களையே சொல் எளிதில் பற்றும். ஒரே தன்மையாய் விரிந்து கிடப்பதைப் பற்றுதற்குச் சொல்லுக்குப் பிடி அகப்படாது.

நம் தமிழிலும் இந்த இடர்ப்பாடு உண்டு என்பதை ஓர் இலக்கணச் செய்தியால் விளக்கலாம். அ, இ என்னும் சுட்டெழுத்துகளைக் கொண்டு அங்கே, இங்கே, அதோ, இதோ என்று நாள்தோறும் பேசுகிறோம். சுட்டு என்பது விரலோடு கூடியது. விரலைக் காணாதவர்க்கு ‘அதோ இருக்கிறது’ என்பது பொருளற்ற ஓசை. கண்ணிலாதார் ஒருவர் வழிகேட்டால் ‘அந்தப் பக்கம் போங்கள்’ என்று சொல்லிவிட்டு நாம் வழிகாட்டிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இடக்கைப் பக்கம் பத்தடி, அங்கே மூன்று படி, படிக்கு வலப்புறம் கைப்பிடிச்சுவர் என்று சொன்னால்தான் அவர் நடக்க முடியும். சுட்டுச் சொற்களை நீக்கிவிட்டு ஒரு நாழிகை பேசிப் பாருங்கள். அதன் அருமை விளங்கும். லாரா என்னும் சிறுமி அப்பயிற்சியை ஈராண்டுக்கு மேல் இடைவிடாது செய்தார்.

அந்நூலில் ஓர் இடம் உண்டு. கதிரவன் மறையும் வேளை. வெண்குதிரை ஒன்றின்மேல் செந்நிறச் சட்டையணிந்த ஒருவன் மேற்கு நோக்கிச் செல்கிறான். அக்காட்சியில் தன்னை மறந்த லாரா, அவன் கதிரவனுக்குள்ளேயே நுழைந்து சென்றுவிட்டான் என்று அக்காளிடம் சொல்கிறார். மேரிக்கு அது ஏற்கவில்லை. கதிரவனுக்குள் எவனாவது போக முடியுமா? எல்லாரையும்போல அவனும் தரைமேல்தானே போகிறான் என்கிறார். மற்றோரிடத்தில், பாதை சென்று புல்வெளியில் முட்டி அங்கேயே முடிந்துவிடுகிறது என்று லாரா சொல்ல, அது எப்படி முடியும், நாம் போகவேண்டிய ஏரி வரைக்கும் பாதை போகிறதே என்று மேரி மறுக்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்று அறிவுரையும் கூறுகிறார். பொய் சொன்னதாகத் தங்கைக்குத் தோன்றவில்லை. ஒன்றைக் காண்பதற்கும் பல வழி, சொல்வதற்கும் பல வழி உண்டே என்று எண்ணிக்கொண்டு பேசாதிருந்துவிடுகிறார்.

அணியிலக்கணம் பயின்றோர்க்கு இவ்விடம் பெருவிருந்து. தண்டியலங்காரம் பொருளணிகளைக் கூறப்புகும்போது தன்மையணியையே முதலில் வைக்கிறது. உவமை வேண்டா, உருவகம் வேண்டா. பொருளின் இயல்பை உள்ளவாறே சொல்வது அவ்வணி. அதையும் ஓர் அணி என்று கொண்டதே நம் முன்னோரின் நுண்ணறிவு. உள்ளதை உள்ளபடி சொல்வது எளிதென்றால் அதற்கு அணி என்னும் பெயர் எதற்கு? மேரி வேண்டியது தன்மையணி. லாராவின் நாவில் வந்தது அதற்கு மேற்பட்டது. இருவருள் எவர் பக்கம் நியாயம்?

இருளில் நடப்பவர்க்குத் தரை உறுதியாக இருத்தல் வேண்டும். பாதை முடிந்தது என்று கேட்டால் கால் தயங்கும். ஆதலால் மேரியின் கண்டிப்பைச் சுவையறியாமை என்று தள்ளிவிடல் ஆகாது. பிறர் சொல்லையே நிலமாகக் கொண்டு நிற்பவரின் எச்சரிக்கை அது. லாராவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வெண்குதிரை, செஞ்சட்டை, பொன்வெயில் என்று பட்டியலிட்டால் மூன்று பொருள்கள் கிட்டும், காட்சி கிட்டாது. மேரி பிறவியில் பார்வையற்றவர் அல்லர். வெண்மையும் செம்மையும் இன்னவென்று பதினான்கு ஆண்டுகள் கண்டறிந்தவர். அந்த நினைவைத் தட்டியெழுப்பும் ஆற்றல் அணிபெற்ற சொல்லுக்கே உண்டு. உள்ளது பிறழாமலும் இருக்கவேண்டும், உள்ளத்தில் காட்சி எழவும் வேண்டும் என்னும் இரு கட்டளைகளுக்கு நடுவே அச்சிறுமியின் நா பழகிற்று. எந்தப் பள்ளியிலும் கிடைக்காத எழுத்துப் பயிற்சி அது. பயிற்றிய ஆசிரியை, ஒரு சொல் பிசகினாலும் பிடித்துக்கொண்ட அக்காள்.

கொடுத்தவர் லாரா, கொண்டவர் மேரி என்று மட்டும் எண்ணவேண்டா. அந்தி மங்கி லாராவுக்கு ஊசியின் கண் தெரியாமற்போன வேளையிலும் மேரி தைத்துக்கொண்டிருப்பார். உன்னால் முடியாதபோது என்னால் முடிகிறது பார், என் விரல்களால் காண்கிறேன் என்று சொல்லி மகிழ்வார். சிறுவயதில் தான் மிகவும் நல்லவள்போல் இருந்ததெல்லாம் பிறர் மெச்சுவதற்காகவே என்றும், அதற்காகத் தங்கை தன்னை அறைந்திருந்தாலும் தகும் என்னும்படியாகவும் அவர் மனந்திறந்து பேசும் ஓர் இடம் பின்வந்த நூலொன்றில் வருகிறது. கண்ணிருந்த காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை போலும்.

1880இல் டி ஸ்மெட் என்னும் புதிய ஊர் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கியது. தண்டவாளம் பனியில் புதைந்து மாதக்கணக்கில் ரயில் வரவில்லை. விறகும் கரியும் தீர்ந்தபின் காய்ந்த புல்லைக் கயிறுபோல் முறுக்கி எரித்தனர். மாவு தீர்ந்தபின் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கையியந்திரத்தில் கோதுமையை அரைத்து அப்பம் சுட்டனர். அரைக்கும் வேலையில் முறைவைத்து உட்கார்ந்தவருள் மேரியும் ஒருவர். பனியின் வெண்மையில் விழியுள்ளோரும் வழி தப்பிய நாள்கள் அவை. 1881 மே மாதத்தில்தான் ரயில் வந்தது.

அவ்வாண்டு நவம்பரில் மேரி கல்லூரிக்குப் போனார். அயோவா மாநிலத்து விண்டன் என்னும் ஊரில் பார்வையற்றோர்க்கான கல்லூரி ஒன்று 1862 முதல் இயங்கிவந்தது. அதனைத் தோற்றுவித்த சாமுவேல் பேக்கன் என்பவர் தாமே பார்வையற்றவர். இத்தகைய கல்லூரி ஒன்று உண்டென்ற செய்தி காதில் விழுந்த நாள்முதல் இங்கால்ஸ் குடும்பத்துக்கு அதுவே குறிக்கோளாயிற்று. லாரா ஊருக்குள் சட்டை தைக்கும் இடத்தில் கூலிக்கு அமர்ந்ததும், பின்னர்ச் சிறு பள்ளிகளில் ஆசிரியையாகி ஈட்டியதும் அக்காளின் படிப்பை முன்னிட்டு என்று நூல்கள் கூறுகின்றன. வரலாற்று ஆவணங்கள் மற்றோர் உண்மையையும் காட்டுகின்றன. அக்காலத்து டகோட்டாப் பகுதிக்குச் சொந்தமாகப் பார்வையற்றோர் பள்ளி இல்லாமையால், அப்பகுதியின் அரசே மேரியின் கல்விச் செலவை அயோவாவுக்குச் செலுத்தியது. உடையும் வழிச்செலவும் பிறவும் குடும்பத்தின் பொறுப்பு. தங்கையின் உழைப்பைப் போற்றும்போது இதனையும் சொல்லவேண்டும். ஒரு வீட்டின் அன்பால் மட்டும் அப்பெண் படித்துவிடவில்லை. குடியேற்றம் தொடங்கி நெடுங்காலம் ஆகாத, மாநிலம் என்னும் நிலையைக்கூட எய்தாத ஒரு பகுதியின் அரசு, பார்வையற்ற குழந்தையின் கல்வி தன் கடமை என்று ஏற்றது. இந்த ஏற்பாடு இல்லையேல் அத்துணை ஆண்டுப் படிப்பை அவ்வேழைக் குடும்பம் தாங்கியிருக்குமா என்பது ஐயமே.

அங்கே மேரி இலக்கியமும் கணிதமும் கற்றார். ஆர்கன் வாசிக்கப் பயின்றார். தையல், மணிகோத்தல், வலைபின்னுதல் முதலிய கைத்தொழில்களில் தேர்ந்தார். தொட்டுப் படிக்கும் எழுத்துகளும் உண்டு. ஆனால் அக்காலத்து அமெரிக்காவில் அவ்வெழுத்தில் ஒருமைப்பாடு இல்லை. வழக்கமான எழுத்தையே மேடாக அச்சிட்ட முறை ஒன்று, நியூயார்க்குப் புள்ளிமுறை ஒன்று, பிரான்சு நாட்டு லூயி பிரெயில் வகுத்த ஆறு புள்ளிமுறை ஒன்று என்று பல முறைகள் தம்முள் போட்டியிட்டன. ஒரு பள்ளியில் அச்சிட்ட நூலை மற்றொரு பள்ளி மாணவர் படிக்க இயலாத நிலை இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. கண்ணுள்ள பெரியோர் தத்தம் முறையே சிறந்ததென்று வழக்காடிக்கொண்டிருக்க, படிக்கவேண்டிய விரல்கள் காத்துக்கிடந்தன.

இடையில் ஓராண்டு செல்ல இயலாமற்போயிற்று. 1889 ஜூனில் மேரி பட்டம்பெற்று வீடு திரும்பினார். அவ்வாண்டு நவம்பரில்தான் தெற்கு டகோட்டா தனி மாநிலமாயிற்று.

இக்கதையை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராக 1974 முதல் 1983 வரை ஒளிபரப்பினர். அதில் மேரி பார்வையற்றோர் பள்ளிக்கு ஆசிரியையாகி, பார்வையற்ற ஆசிரியர் ஒருவரையே மணக்கிறார். நிகழ்ந்தது அதுவன்று. மேரி மணம்புரியவில்லை, பள்ளி ஆசிரியையாகவும் ஆகவில்லை. தந்தை 1887இல் டி ஸ்மெட் ஊருக்குள் கட்டியிருந்த வீட்டில் பெற்றோருடன் வாழ்ந்தார். குதிரைகளின்மேல் ஈ அண்டாதபடி போர்த்தும் கயிற்றுவலைகளைப் பின்னி விற்றார். கவிதைகள் எழுதினார், சில அச்சிலும் வந்தன. வீட்டுவேலைகளில் தாய்க்குத் துணையாயிருந்தார். இத்துணைப் படித்தும் இவ்வளவுதானா என்று கேட்பவர் உண்டு. கல்வியைக் கூலியால் அளப்பவரின் கேள்வி அது. வலை பின்னிக்கொண்டே, கற்ற இலக்கியத்தை மனத்துள் வைத்து அசைபோட வல்லவர்க்கு அந்த 39 ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அவருக்கு மேலும் வாய்ப்புகளை அக்காலச் சமுதாயம் வைத்திருக்கவில்லை என்பதும் மெய்தான், அக்குறை அவருடையதன்று.

லாரா 1885இல் மணம்புரிந்து, 1894இல் கணவரோடும் மகளோடும் தொலைதூரத்து மிசௌரி மாநிலத்தில் குடியேறினார். 1902 ஜூனில் தந்தை இறக்கும் தறுவாயில் டி ஸ்மெட்டுக்கு வந்தார். அதன்பின் 1931 வரை அவ்வூருக்கு அவர் வரவில்லை. இடையில் 1924இல் தாயார் மறைந்தார். மேரி சிலகாலம் கிரேஸ் வீட்டிலும், பின்னர்க் கீஸ்டோன் என்னும் ஊரில் கேரி வீட்டிலும் தங்கினார். எந்தக் குழந்தையின் நீலவிழிகள் அவர் கடைசியாகக் கண்ட காட்சியோ, அந்தக் கிரேஸே முதுமையில் அவருக்குச் சோறிட்டவருள் ஒருவர். 1928 அக்டோபர் 20ஆம் நாள் கீஸ்டோனில் மேரி காலமானார். டி ஸ்மெட் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

லாராவின் முதல் நூல் 1932இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 65. அதற்குமுன் பண்ணை இதழொன்றில் கட்டுரைகள் எழுதிய பழக்கம் உண்டு. மகள் ரோஸ் அம்மையார் எழுத்தாளராதலின் அவர் செப்பம் செய்து உதவினார். 1943க்குள் எட்டு நூல்கள் வந்தன. உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. அந்நூல்களைத் திறப்போர் முதலில் உணர்வது, காட்சி கண்முன் நிற்கும் தெளிவை. கதவுத் தாழ் எப்படிச் செதுக்கப்பட்டது, புல்லுக்கு எந்தக் காற்றில் எந்த நிறம், பனிக்காலத்து விடியலில் ஆணித்தலைமேல் உறைபனி எப்படி மின்னிற்று என்று ஒவ்வொன்றும் காணாதவர்க்குச் சொல்வதுபோலச் சொல்லப்பட்டிருக்கும். சுட்டிக்காட்டி நகர்ந்துவிடும் எழுத்தாக அது இராது. அதோ என்னும் சொல்லுக்கு அவ்வீட்டில் பயனில்லை என்பதைப் பன்னிரண்டு வயதில் அறிந்துகொண்டவர் எழுதிய எழுத்து அது. முதன்முதலில் இவற்றையெல்லாம் கேட்ட செவி, நூல் வெளிவருவதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டிருந்தது.

பின்னாளில் அந்நூல்கள் பார்வையற்றோர்க்கான பிரெயில் எழுத்திலும் அச்சிடப்பட்டன, ஒலிப்பதிவாகவும் வெளிவந்தன. வெண்குதிரை வீரன் கதிரவனுக்குள் நுழையும் இடமும், அப்படிச் சொல்லாதே என்று மேரி தடுக்கும் இடமும் அவற்றில் அப்படியே இருக்கின்றன.